போர் தண்ணீர் தெருக் குழாய்க்குள் போகிறது. என்ஆர்வி போட்டால் போதுமா?

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர் | சனி, காலை 9.12

வணக்கம். கொஞ்சம் வெட்கமான விஷயம், அதனால் தெருப் பெயர் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஒன்று கார்ப்பரேஷன் தண்ணீர், காலையில் ஒன்றரை மணி நேரம் வரும், சில நாள் வராது. இன்னொன்று போர், நல்ல உப்பு. சமையலறையில் ஒரு குழாய் மட்டும் தெரு லைனிலிருந்து நேராக வருகிறது, மற்றதெல்லாம் மாடி டேங்கிலிருந்து. மூன்று வருடத்துக்கு முன் அம்மா, தெருத் தண்ணீர் வராத நாளிலும் அந்தக் குழாயில் ஏதாவது தண்ணீர் வருகிற மாதிரி பண்ணித் தொலையேன், குடம் தூக்க இடுப்பு தாங்கவில்லை என்றார். பிளம்பர் வந்தார், போர் மோட்டார் லைனில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டார், நடுவில் ஒரு கேட் வால்வு, அப்படியே அந்தக் குழாயோடு சேர்த்துவிட்டார். அரை மணி நேர வேலை. நானும் சபாஷ் சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணி காலை பத்து மணிக்கு ஒரு சொம்போடு வந்து, தம்பி இதை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க என்றார். உப்பு. என்னிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்கள் வீட்டுக் குழாயில் 410 காட்டியது. நாங்கள் மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் கழித்து அதே குழாயில் 1,350. எங்கள் போர் 1,900. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கேட் வால்வு மூடித்தான் இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை போல. ஒரு என்ஆர்வி (நான் ரிட்டர்ன் வால்வு, தண்ணீரை ஒரே பக்கமாக மட்டும் விடுவது) போட்டால் தீர்ந்தது என்கிறார் பிளம்பர். போதுமா?

எதிர்க்கேள்வி | மஞ்சக்குப்பம் | சனி, காலை 9.30

போதும். போட்டுவிட்டு அண்ணிக்கு ஒரு கேன் தண்ணீர் வாங்கிக் கொடுங்கள்.

வாஷர்மணி | முதுநகர் | சனி, காலை 10.05

22 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், எனவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானே இப்படி டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்பார், நாம் செய்வோம். கேட் வால்வு என்பது திறக்க மூட. உள்ளே இருக்கிற தகடு உப்புத் தண்ணீரில் அரித்து, அடியில் மணல் தங்கி, இரண்டு மூன்று வருடத்தில் முழுசாக உட்காராது. மேலே கைப்பிடியைச் சுற்றினால் இறுகிவிட்ட மாதிரிதான் இருக்கும், உள்ளே நூல் அளவு திறந்திருக்கும். உங்கள் போர் மோட்டார் 100 அடி தூக்கும் என்றால் தெருக் குழாயில் இருப்பது 20 அடிக்குக்கூடத் தேறாது. யார் பலசாலியோ அவன் பக்கமிருந்து தண்ணீர் ஓடும். அவ்வளவுதான் விஷயம்.

என்ஆர்வி போடலாம். அம்புக்குறி பார்த்துப் போடச் சொல்லுங்கள். கதவு மாதிரி ஆடும் ரகம் என்றால் படுக்கையாக வைக்க வேண்டும், அல்லது தண்ணீர் கீழிருந்து மேலே ஏறுகிற நிற்கும் குழாயில். மேலிருந்து கீழே இறங்கும் குழாயில் வைத்தால் கதவு தொங்கிக்கொண்டே இருக்கும், மூடவே மூடாது. அப்படி வைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான்_ரிட்டர்ன் | முத்தியால்பேட்டை, புதுச்சேரி | சனி, பகல் 12.40

பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 14 வருடம் வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியின் குழாய்ப் பராமரிப்பில் இருந்துவிட்டு நான் ரிட்டர்ன் ஆனவன், வால்வு கதை அப்புறம்.

கெடிலக்கரை சார், போதாது. என்ஆர்வி மோசமான பொருள் என்பதால் அல்ல. அது வேலை செய்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது, அதனால்தான். மோட்டார் கெட்டால் சத்தம் வரும், குழாய் உடைந்தால் தரை நனையும். என்ஆர்வி கெட்டால் ஒன்றுமே நடக்காது, பக்கத்து வீட்டு அண்ணி சொம்போடு வரும்வரை.

தண்ணீர் திரும்பிப் போவதற்குக் காரணம் இரண்டுதான். ஒன்று உங்கள் வீட்டில் நடப்பது, உள்ளே அழுத்தம் கூடி வெளியே தள்ளுவது. மோட்டார், பாய்லர், உயரத்தில் இருக்கிற டேங்க், எல்லாம் இதைச் செய்யும். இன்னொன்று தெருவில் அழுத்தம் விழுந்து உள்ளே இருப்பதை இழுப்பது. நம் ஊரில் இரண்டாவது தினமும் நடக்கிறது. சப்ளையை நிறுத்தியதும் தாழ்வான தெருவுக்குத் தண்ணீர் வடியும், மேட்டுத் தெருக் குழாய் உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எந்த வீட்டில் குழாய் திறந்து ரப்பர் ஹோஸ் வாளிக்குள் கிடக்கிறதோ அந்த வாளி தெருவுக்குப் போகும். இது போதாதென்று ஒரு வீட்டில் லைனில் நேராக மோட்டார் வைத்து இழுத்தால் கேட்கவே வேண்டாம்.

24 மணி நேரமும் அழுத்தம் இருக்கிற ஊரில் குழாய் உடைந்தாலோ தீயணைப்புக்குத் தண்ணீர் எடுத்தாலோதான் இது நடக்கும். அங்கே அதை விபத்து என்று எழுதி வைக்கிறார்கள். நமக்கு அது காலை எட்டரை மணி.

எதிர்க்கேள்வி | மஞ்சக்குப்பம் | சனி, பகல் 1.15

சார், பயமுறுத்தாதீர்கள். என் தாத்தா காலத்திலிருந்து இதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சாமான் விற்கக் கண்டுபிடித்த கதை.

நான்_ரிட்டர்ன் | முத்தியால்பேட்டை | சனி, பகல் 2.02

வெளிநாட்டுக்காரன் சாமான் விற்பதற்கு முன்னால் செத்திருக்கிறான், அதையும் கேளுங்கள். 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. ஊரெல்லாம் விருந்தாளிகள். குழாய்களைப் பகிர்ந்துகொண்ட இரண்டு பெரிய ஓட்டல்களில் பழைய குழாய் அமைப்பு, கழிவுநீர் குடிநீரோடு கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு 1,409 பேருக்கு வந்தது, 98 பேர் இறந்தார்கள். வந்தவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் பலருக்கு நோய் வந்தது, அதனால் எங்கே பிடித்தது என்று கண்டுபிடிக்கவே நாள் ஆயிற்று.

பழைய கதை என்பீர்கள். 2007 நவம்பர், பின்லாந்தில் நோக்கியா என்ற ஊர், நம்மிடமெல்லாம் ஒரு காலத்தில் இருந்த செல்போனுக்குப் பெயர் கொடுத்த அதே ஊர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் குடிநீர் லைனையும் சுத்திகரித்த கழிவுநீர் லைனையும் சேர்த்து நடுவில் ஒரு வால்வு. அதை யாரோ திறந்தார்கள். 450 கனமீட்டர் கழிவுநீர் குடிநீருக்குள் போய் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வாந்தி, பேதி. கெடிலக்கரை சார் வீட்டிலும் நடுவில் ஒரே ஒரு வால்வுதான். அளவுதான் வித்தியாசம்.

பெட்ரிடிஷ் | கதிர்காமம், புதுச்சேரி | சனி, மாலை 5.50

ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரி பார்க்கிறவள் நான். எதிர்க்கேள்வி அண்ணே, டிடிஎஸ் மீட்டர் உப்பை மட்டும்தான் சொல்லும். கெடிலக்கரை சாருக்கு அதிர்ஷ்டம், அவர் போர் உப்பாக இருந்ததால் நாக்குக்குத் தெரிந்தது. நல்ல தண்ணீர் போராக இருந்து, பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 10500 சொல்வது, 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. குழாய் முனையில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். காலையில் குளோரின் காட்டும் குழாய், சப்ளை நின்று மறுபடி வரும்போது முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் காட்டாமல் இருப்பதை நானே எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடத் தண்ணீர் எதையோ சந்தித்துவிட்டு வருகிறது என்று அர்த்தம். அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், குடத்தில் பிடிக்காதீர்கள்.

வீட்டில் பார்க்க எச்2எஸ் பாட்டில் கிடைக்கும். குவாலியரில் 1982 வாக்கில் உருவாக்கியது, நம்ம நாட்டுச் சரக்குதான் அண்ணே. தண்ணீர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் அறை வெப்பத்தில் வைத்தால் மாசு இருந்தால் கருத்துவிடும். கருத்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து முறையாகப் பாருங்கள்.

லாஸ்பேட்டை_அக்கா | புதுச்சேரி | சனி, இரவு 8.20

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 9 அறை உள்ள ஒரு சின்ன விடுதி நடத்துகிறேன். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் தோட்டக்காரர் பூச்சிமருந்து கலக்குகிற டிரம்முக்குள் ஹோஸைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார், அந்த ஹோஸ் சமையலறை லைனில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கழிப்பறையிலும் ஹெல்த் ஃபாசெட் இருக்கிறது, பாதிப்பேர் அதைக் கொக்கியில் மாட்டுவதில்லை, கோப்பைக்குள் தொங்கும். இதுவும் அந்தக் கணக்கில் வருமா?

வாஷர்மணி | முதுநகர் | சனி, இரவு 8.41

வரும் அக்கா. ஹெல்த் ஃபாசெட்தான் நம் வீடுகளில் முதல் குற்றவாளி, ஒருவரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. பின்னால் இருக்கிற ஆங்கிள் காக் திறந்தே இருக்கும், முன்னால் இருக்கிற சின்ன விசையில் ரப்பர் போய்விட்டால் உள்ளே வெளியே கதவு திறந்த வீடு மாதிரிதான்.

நான்_ரிட்டர்ன் | முத்தியால்பேட்டை | ஞாயிறு, காலை 7.30

அக்கா, உங்களுக்கும் கெடிலக்கரை சாருக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். செலவு சொட்டு நீலம் மட்டும். மாடி டேங்கிலிருந்து வரும் லைனில்தான் செய்ய வேண்டும், தெரு லைனில் செய்து அண்ணி வீட்டுக்கு நீலத் தண்ணீர் அனுப்பிவிடாதீர்கள்.

மாடிக் குளியலறையில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், பத்துச் சொட்டு நீலம். குழாயில் ஹோஸ் மாட்டி நுனியை வாளிக்குள் முக்கால்வாசி ஆழத்தில் விடுங்கள். குழாயைத் திறந்து ஹோஸில் தண்ணீர் நிரம்பி ஓடட்டும். அப்படித் திறந்திருக்கும்போதே மேலே போய் டேங்க் வெளி வால்வை மூடுங்கள். கீழ்த்தளத்தில் இருக்கிற ஒரு குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். வெள்ளை மக்கில் பிடித்துப் பாருங்கள்.

டேங்க் வெளிக்குழாயில் வால்வுக்கு அப்புறம் ஒரு காற்றுக்குழாய் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நீலம் வராமல் போகலாம், காற்று அதன் வழியாக இறங்கி உறிஞ்சலை உடைத்துவிடும். ஏர்லாக்குக்காக வைக்கிற குழாய்தான், இதற்கும் உதவும். அது இல்லாத வீடுதான் அதிகம்.

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர் | ஞாயிறு, பகல் 11.55

செய்தேன். பையனைப் பின்கட்டுக் குழாயடியில் நிறுத்தினேன், போனில் பேசிக்கொண்டே. வால்வை மூடியதும் அவன் திறந்தான். முதலில் சாதாரணமாகத்தான் வந்தது, அப்புறம் நீர்த்தாரை மெலிந்தது, குழாய் கடகடவென்று ஒரு சத்தம். நான் மேலே வாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தண்ணீர் இறங்குகிறது. ஒருவரும் தொடவில்லை, தானாக இறங்குகிறது. நாற்பது விநாடி இருக்கும், கீழேயிருந்து பையன் கத்துகிறான், "அப்பா, நீலம்!" மக்கில் நீலம். ஹோஸ் நுனி இருந்த மட்டம்வரை வாளி காலி. சரியாகச் சொன்னால் 15 லிட்டர் வாளியில் 9, 10 லிட்டர் போயிருக்கும்.

அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஹோஸைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடித் துணிகளோடு காயப்போட்டுவிட்டார்.

எதிர்க்கேள்வி | மஞ்சக்குப்பம் | ஞாயிறு, பகல் 12.30

நானும் செய்து பார்க்கிறேன். வராது என்று நினைக்கிறேன்.

வாஷர்மணி | முதுநகர் | ஞாயிறு, பகல் 2.10

எங்கள் பக்கத்துக் கூத்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். முதுநகரில் பல தெருக்களில் தண்ணீரின் வேகம் முழங்கால் உயரம்கூட வராது. அதனால் வாசலில் இரண்டடி பள்ளம் தோண்டி, குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, குடத்தைப் பள்ளத்துக்குள் வைத்துப் பிடிப்பார்கள். பிடித்து முடித்ததும் பள்ளத்தில் சிந்தின தண்ணீர், வாசல் தெளித்த தண்ணீர், நாய் கால் நனைத்த தண்ணீர் எல்லாம் தேங்கும். குழாய் வாய் அதற்குள் முங்கியிருக்கும். பாதி வீட்டில் குழாயை மூடுவதில்லை, தண்ணீர் வந்தால் சத்தம் கேட்டு எழுந்திருக்கலாம் என்று திறந்தே வைப்பார்கள். சப்ளை நின்ற அரை மணி நேரத்தில் அந்தப் பள்ளம் வறண்டுவிடும். மண் குடித்துவிட்டது என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்வரை. குழாய் வாயில் சின்னதாக ஒரு சுழி விழுகிறது சார், பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுமே அந்த மாதிரி.

வெள்ளக் காலத்தில் சொல்லவே வேண்டாம். 2015-லும் சரி, 2024-ல் ஃபெஞ்சல் புயல் முடிந்து தென்பெண்ணை வந்தபோதும் சரி, தரைச் சம்ப் எல்லாம் தண்ணீருக்குள். சம்பில் குழாய் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் வெள்ளத்துக்குள் இருந்தால் உயரம் என்ன உயரம்.

லாஸ்பேட்டை_அக்கா | புதுச்சேரி | ஞாயிறு, மாலை 4.00

சரி, தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்க நான் எந்தக் கருவியை வாங்குவது? ஒரு கடையில் ஆர்பிஇசட் என்று ஒன்று சொல்லி அரை லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். இதுதான் உச்சம், இதை வைத்தால் கவலையே வேண்டாம் என்கிறார்கள்.

நான்_ரிட்டர்ன் | முத்தியால்பேட்டை | ஞாயிறு, இரவு 9.15

வாங்காதீர்கள் அக்கா. நல்ல கருவிதான், நான் 14 வருடம் கையில் வைத்துத் தடவின கருவி. ஆனால் உங்களுக்கு ஒத்துவராது. ஏன் என்று நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

அதற்குள் இரண்டு தடுப்பு வால்வுகள் தனித்தனியாக இருக்கும். நடுவில் ஒரு அறை. அந்த அறையில் அழுத்தம் எப்போதும் தெருப் பக்கத்தைவிடக் குறைவாக இருக்கும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அறையின் அடியில் ஒரு வெளியேற்று வால்வு. இரண்டாவது தடுப்பு கசிந்து உள்ளே இருக்கிற கெட்ட தண்ணீர் நடு அறைக்கு வந்தால், அழுத்தம் ஏறி, அடி வால்வு திறந்து தண்ணீரைத் தரையில் கொட்டிவிடும். தெருவுக்குப் போகவிடாது. என்ஆர்வி ஊமை, இது வாய் விட்டுச் சொல்லும்.

சோதனை எப்படி என்றால், கருவியின் உடம்பில் நான்கு சின்ன சோதனைக் குழாய்கள் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் கொஞ்சம் திறந்து அழுக்கை ஓடவிட வேண்டும், இதைச் செய்யாமல் மீட்டரை மாட்டினால் மணல் மீட்டருக்குள் போய் அன்றைய நாள் போச்சு. அப்புறம் வேறுபாட்டு அழுத்தமானி, மூன்று ஹோஸ் உள்ளது. வெளிப் பக்க வால்வை மூடி, தெருப் பக்கத்துக்கும் நடு அறைக்கும் உள்ள வித்தியாசத்தை மெதுவாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், கை அடிவால்வுக்குக் கீழே ஏந்தியபடி. முதல் சொட்டு உள்ளங்கையில் விழும் நொடியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) அல்லது அதற்கு மேலே இருக்கும்போதே திறந்துவிட வேண்டும். 1.8-ல் திறந்தால் தோல்வி, பிரித்துக் கழுவு. அப்புறம் இரண்டாவது தடுப்பு பின்னாலிருந்து தள்ளினால் தாங்குகிறதா, முதல் தடுப்பு எவ்வளவு பிடிக்கிறது என்று வரிசையாக. வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம், பழுது பார்த்தாலும் இடம் மாற்றினாலும் மறுபடி. அழுத்தமானியையே வருடம் ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை ரப்பர் தட்டில் ஒரு மணல், ஒரு துருத் துணுக்கு. கழுவிப் போட்டால் சரியாகிவிடும். அந்த மணலைப் பார்க்காவிட்டால் எந்த விலைக் கருவியும் வெறும் பித்தளைதான்.

இனி ஏன் வேண்டாம் என்பது. இந்தக் கருவி தண்ணீரைத் தாண்டவிடவே 10 பிஎஸ்ஐக்கு மேல் சாப்பிடும். நம் ஊர்க் குடிநீர்த் திட்டத்துக்கான 1999 கையேட்டின்படி மாடி இல்லாத ஒரு வீட்டு வாசலில் இருக்க வேண்டியிருந்த குறைந்தபட்ச அழுத்தமே 7 மீட்டர், அதாவது 10 பிஎஸ்ஐ. அதுவும் கையேட்டில். கருவியை மாட்டினால் அந்தப் பக்கம் சொட்டுகூட வராது. இன்னொன்று, தெருவில் அழுத்தம் விழுந்தால் அடிவால்வு திறப்பதுதான் அதன் சுபாவம். நமக்கோ தினமும் விழுகிறது, தினமும் தரையில் துப்பும். உங்கள் ஊழியர் ஒரு வாரம் பொறுப்பார், எட்டாம் நாள் அந்தத் துளையில் ஒரு கட்டையை அடித்துவிடுவார். டயாலிசிஸ் பிரிவு, ரசாயனம் கலக்கும் பாய்லர், முலாம் பூசும் பட்டறை, அங்கே உள்ளே தனி பம்ப் அழுத்தம் இருக்கும், அங்கே அதை வையுங்கள்.

பெட்ரிடிஷ் | கதிர்காமம் | ஞாயிறு, இரவு 9.40

அப்போ அக்காவுக்கு என்னதான் வழி அண்ணா?

நான்_ரிட்டர்ன் | முத்தியால்பேட்டை | ஞாயிறு, இரவு 10.05

காற்று. குழாய் வாய்க்கும் தொட்டியின் நிரம்பி வழியும் மட்டத்துக்கும் நடுவில் வெறும் காற்று. குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது ஒரு அங்குலம். முக்கால் இஞ்ச் குழாய் என்றால் ஒன்றரை அங்குலம், சுவரை ஒட்டி இருந்தால் மூன்று மடங்கு வையுங்கள். தண்ணீர் காற்றில் தாவி மேலே ஏறிப் போகாது. ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை, சோதனைக்கு ஒரு ஸ்கேல் போதும். உலகத்தில் எந்த விதிப்புத்தகத்தை எடுத்தாலும் இதற்குத்தான் முதல் இடம், ஆர்பிஇசட்டுக்கு இதற்கு அடுத்துதான்.

இதைக் கெடுப்பது இரண்டு பேர். தண்ணீர் விழும் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஃப்ளோட் வால்வு வாயில் ஒரு பைப்பைச் சொருகித் தொட்டி அடிவரை இறக்குகிறவர் ஒருவர். வழிகிற குழாயை எலி வருகிறது என்று துணி வைத்து அடைக்கிறவர் இன்னொருவர். முதல் காரியத்தைச் செய்தால் காற்று இடைவெளி போயிற்று, இரண்டாவதைச் செய்தால் மட்டம் ஏறி வாயைத் தொட்டுவிடும். எலிக்கு வலை கட்டுங்கள், துணி வேண்டாம்.

தோட்டத்துக்கு அக்கா, தனித் தொட்டி, தனி லைன், அதைச் சமையலறையோடு எங்கேயும் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஹோஸ் குழாயில் திருகி மாட்டுகிற வெற்றிட முறிப்பான் உண்டு. அதற்கு அப்புறம் வால்வு எதுவும் வைத்து மூடக்கூடாது, ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் அழுத்தத்தில் வைத்திருக்கவும் கூடாது, ரப்பர் ஒட்டிக்கொள்ளும். அது உறிஞ்சலைத்தான் தடுக்கும், பம்ப் தள்ளினால் தடுக்காது. பூச்சிமருந்து டிரம்முக்கு இதை நம்பாதீர்கள், வாளியில் மொண்டு ஊற்றச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை_அக்கா | புதுச்சேரி | திங்கள், காலை 6.50

நன்றி தம்பி. பாரதி பூங்காவில் இருக்கிற ஆயி மண்டபத்தை விருந்தினர்களுக்குக் காட்டும்போதெல்லாம், முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்த நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது என்று பெருமையாகச் சொல்வேன். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த தண்ணீருக்குள் என் தோட்டக்காரர் கடைசி ஐம்பதடியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைத் திட்டவில்லை. ஹோஸை மட்டும் சுருட்டி என் அறையில் வைத்துக்கொண்டேன், கேட்டால் தருவேன்.

எதிர்க்கேள்வி | மஞ்சக்குப்பம் | திங்கள், காலை 8.15

நீலம் வந்தது. மனைவி இன்னும் பேசவில்லை, வெள்ளைச் சட்டை ஊறிக்கொண்டிருந்த வாளியில் சோதித்துவிட்டேன்.

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர் | புதன், இரவு 9.30

முடிவைச் சொல்லிவிடுகிறேன். திங்கள்கிழமை பிளம்பர் புது என்ஆர்வியோடு வந்தார். காம்பவுண்டு சுவர் ஓரம், தெருவிலிருந்து குழாய் உள்ளே வரும் இடத்தில் தோண்டினோம். ஒன்றரை அடி மண்ணுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு என்ஆர்வி. 2013-ல் வீடு கட்டும்போது வைத்தது. நான் அடியோடு மறந்துபோயிருந்தேன். நான் கேட்க வந்த தீர்வு 10 வருடத்துக்கு மேலாக அங்கேயே புதைந்து கிடந்திருக்கிறது.

மேல் மூடியைக் கழற்றினோம். பித்தளைக் கதவு பச்சை பூத்திருந்தது, ஆனால் விரலால் தள்ளினால் ஆடியது. பிளம்பர் டார்ச் அடித்தார். கதவுக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு நூல். டெஃப்லான் டேப் துணுக்கு, கட்டை விரல் நீளம், கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு. தெருப் பக்கத்து மரையில் சுற்றியது அவிழ்ந்து வந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் அது கிடக்க, மறு ஓரத்தில் ஒரு தீப்பெட்டி அட்டை கனத்துக்கு இடைவெளி. எத்தனை வருடமாக அப்படியோ. கேட் வால்வு பிடித்துக்கொண்டிருந்தவரை ஒன்றும் தெரியவில்லை, அதுவும் கைவிட்டதும் அண்ணி வந்துவிட்டார்.

டீயை அறுத்து எடுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டாயிற்று. போர் தனி, தெரு தனி. அம்மாவுக்காகச் சமையலறையில் பக்கத்தில் இன்னொரு குழாய், மாடி டேங்கிலிருந்து, கைப்பிடிக்குச் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன். தெருக் குழாயில் வருவது ஒரு 50 லிட்டர் டிரம்மில் விழுகிறது, வாய்க்கும் வழியும் மட்டத்துக்கும் இரண்டு அங்குலம், ஸ்கேல் வைத்து அளந்தேன். சுவர் ஓரத்தில் புது என்ஆர்வியும் உண்டு, ஆனால் இந்தத் தடவை தெருப் பக்கம் ஒரு வால்வு, அதற்கும் என்ஆர்விக்கும் நடுவில் அரை இஞ்ச் டீயில் ஒரு சின்னக் குழாய், மண்ணுக்கு மேலே சின்னச் செங்கல் தொட்டிக்குள். தெரு வால்வை மூடி, சின்னக் குழாயைத் திறந்து, கீழே டம்ளர் வைத்துப் பத்து நிமிடம். உள்ளே சமையலறை லைன் நிறையத் தண்ணீர் நிற்கும்போது செய்ய வேண்டும். முதலில் கொஞ்சம் வடிந்தது, அப்புறம் நின்றது. நின்ற பிறகு சொட்டு விழவில்லை.

வாஷர்மணி | முதுநகர் | புதன், இரவு 9.52

சரியாக வைத்திருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டம்ளரை வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம், கெடிலத்தில் தண்ணீர் வந்து போனால் குழாயெல்லாம் மணல்தான். அந்தச் சின்னக் குழாய்க்கு மூடி போடுங்கள், இல்லாவிட்டால் அந்தச் செங்கல் தொட்டி நிறைந்தால் அதுவே இன்னொரு பள்ளக் குழாய்.

கெடிலக்கரை | திருப்பாதிரிப்புலியூர் | புதன், இரவு 10.10

மூடியை மறந்துவிட்டேன், நாளைக்கே போடுகிறேன். அண்ணி வீட்டுக் குழாயில் இன்று காலை ஏழு மணிக்கு 405, அப்புறம் எங்கள் மோட்டார் ஓடும்போது 410. சொம்பில் எனக்கு மோர் வந்தது.

கிளம்பும்போது பிளம்பர் அந்தப் பழைய கேட் வால்வைத் துடைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, புதுப்பாளையத்தில் ஒரு வீட்டில் இதே மாதிரி டீ கேட்கிறார்கள், எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். கொடுக்கவில்லை. அந்த வீட்டு நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், நீலமும் வாளியுமாக ஞாயிற்றுக்கிழமை போகலாமென்று.